துடிப்புக்கு முன்

மெல்லிய தங்கப் படலத்தில் லேசர் துடிப்பு பட்டதும் எலெக்ட்ரான்கள் சூடாகும். அந்தச் சூட்டை அளக்கும் கருவியின் திரையில் கோடு எழும். லேசர் ஒளி பட்டால் கண் போய்விடும்; அதனால் லேசரைச் சுடும் முன் நான், "கண்ணாடி போட்டாச்சா?" என்று கேட்பேன். "போட்டாச்சு" என்பார் ஆய்வக அக்கா.

திங்களன்று, சுடுவதற்கு ஒரு நொடி முன்பே கோடு எழுந்தது. "மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று சிரித்தார் அக்கா. புதனன்று ஒரு நிமிடம் முன்பே எழுந்தது.

இன்று காலை நாங்கள் உட்கார்ந்ததுமே கோடு எழுந்துவிட்டது.

"இன்னிக்குச் சுடவே வேணாம். வா, போயிடலாம்" என்றார் அக்கா.

மின்சாரத்தை அணைத்தேன். அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன். படிக்கட்டை நெருங்கும்போது, பூட்டிய அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"கண்ணாடி போட்டாச்சா?"

அக்கா இரண்டு கைகளாலும் என் கண்களைப் பொத்தினார். தன் கண்களை மூடிக்கொண்டாரா என்று தெரியவில்லை.