தலை எண்ணிய நாள்

"நாலு மணியாகப்போகுது நஜ்முன், இன்னும் சீலை மாத்தல்லியா?" படலைக்கு வெளியே நின்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பல்கீஸ்.

"நான் வரல்ல. நீ போ." நஜ்முன் நிஸா இடியப்ப மாவை அரித்துக்கொண்டே பதில் சொன்னாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்ன கதை கதைக்கிறாய்? மட்டக்களப்பில இருந்து கல்வி அதிகாரி வாறாராம். தலை எண்ணுவாராம். பத்துக்கு ஒண்டு குறைஞ்சாலும் வகுப்புத் தரமாட்டாராம். உன்ர மனுசன் சொல்லல்லியா?"

"சொன்னவர். நல்லாச் சொன்னவர்."

அவள் கணவன் முத்தலிப் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். தேயிலை ஏற்றக் கப்பல் வந்திருந்தது. இன்று இருட்டும்வரை அவனால் அசைய முடியாது. காலையில் போகும்போது, "பின்னேரம் பல்கீஸோட பள்ளிக்கூடத்துக்குப் போய் இரு. ஏன் எதுக்கெண்டு கேக்காத, ஒருத்தரிட்டயும் கதைக்காத. நீ போய் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். இவள் காதில் விழுந்த விஷயம் பின்னேர அஸர் தொழுகைக்குள் கடலுக்கு அக்கரையில் இருக்கும் மூதூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவனுடைய வழமையான கிண்டல்.

"அவர் கப்பலில நிப்பாராம். நான் போய் அவருக்கு இடம் பிடிச்சு வைக்கோணுமாம்" என்றாள் நிஸா.

மூன்று மாதமாக இதே கூத்துத்தான். வேலை முடிந்தால் மற்றவர்கள் ஓவர்டைம் செய்வார்கள். இவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான். எங்கே என்று கேட்டால், "வகுப்பொண்டு தொடங்கப்போறம்" என்பதோடு வாயை மூடிக்கொள்வான். எட்டாம் வகுப்புப் படித்தவர்களைத் துறைமுகத்தில் கணக்கெழுத எடுக்கப்போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. நிஸாவுக்கு விளங்கிவிட்டது. துரை படிக்கப்போகிறார். இவள் இடியப்பம் அவித்து விற்று அடுப்பெரிக்க வேண்டும்.

அதுகூடப் பெரிதில்லை. அவள் நெஞ்சில் குத்தியது வேறு. ஐந்தாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவள் அவள். பெரியபிள்ளையானதும் வாப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். அழுதாள், சோறு தின்னாமல் கிடந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் பள்ளிக்கூட மணி கேட்டால் அவளுக்கு என்னவோ செய்யும். இப்போது நாற்பதை நெருங்கும் மனுசனுக்குப் படிப்பாம். பொறாமை என்றால் பொறாமைதான். வயிறு எரிந்தது.

"நீ போகாம, அதால அவர்ட வகுப்பு இல்லாமப் போனா?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"போகட்டும். அஞ்சில வளையாதது அம்பதில வளையப்போகுதோ?"

"எனக்கு உன்னளவுக்கு யோசிக்கத் தெரியாது புள்ள. என்ர ஆளும் போய் இரு எண்டுதான் சொன்னார். நான் போறன்." பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

நிஸா மாவைக் குழைத்தாள். கொஞ்ச நேரம் மனதுக்கு நல்ல திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே போனபோது கதிரையைப் பார்த்தாள். அவளுடைய பெருநாள் சீலையை அலுமாரியிலிருந்து எடுத்து, மடிப்புக் குலையாமல் வைத்துவிட்டுப் போயிருந்தான் முத்தலிப். மூட்டை சுமந்து தோல் உரிந்த தோளோடு வந்து, ஒரு சொல் முறையிடாமல் படுக்கிற மனுசன். இன்றைக்கு வந்து வகுப்பு என்னாச்சு என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

'எனக்குத்தான் குடுத்து வைக்கல்ல. அவராவது படிக்கட்டுமே' என்று நினைத்தாள். அவசரமாகச் சீலையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கடற்கரை வீதி திரும்புகிற இடத்தில் ஒரு ஜீப் அவள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பல்கீஸ் இவளைக் கண்டும் நிற்கவில்லை. கண் சிவந்திருந்தது. அருளம்பலம் மாஸ்டர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் முத்தலிப்பிட வீட்டாள்."

"இப்பதானோ வாறீங்கள் பிள்ளை? அதிகாரி ஏலுமானவரைக்கும் காத்திருந்து பார்த்தார். ஒன்பது பேர்தான். இஞ்ச வகுப்புக்கு ஆளில்லை எண்டு முடிவு சொல்லிப்போட்டுப் போயிட்டார். இனி அவரைத் திருப்பிக் கூப்பிட ஏலாது."

நிஸா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என்னாலதான் மாஸ்டர். வேணுமெண்டுதான் வராம இருந்தனான். அவர்ட படிப்பில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டன்." அழுகையில் குரல் உடைந்தது. "அவருக்கு மட்டுமாவது வேற எங்கயும் ஒரு வகுப்பில இடம் எடுத்துக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாஸ்டர் பூட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஆருக்கு, முத்தலிப்புக்கோ? அவருக்கெங்க பிள்ளை வகுப்பு? இது பொம்பிளையளுக்கெண்டு கேட்ட வகுப்பு. முன்னமே தெரிஞ்சா ஊர் கலைச்சுப்போடும் எண்டு, பொம்பிளையளிட்டக்கூட மூச்சு விடாம, புருசன்மாரோட மட்டும் கதைச்சு, வீடு வீடா அலைஞ்சு ஒன்பது பேரைச் சேர்த்தவர். பத்தாவது ஆளுக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டன். 'அதுக்கு நான் எங்கயும் போகத் தேவையில்லை மாஸ்டர், அந்த ஒராளுக்காகத்தானே இவ்வளவும்' எண்டு சொன்னவர்."