அசல் கனம்

"இது தேறாதுங்ணா. இன்னும் கனம் குறையோணும்."

மௌனிகா வாளைத் தராசிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை. அருள்குமாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மீனாட்சிபுரம் பட்டறையில், பழைய காலத்துப் படைவாள்களை அச்சு அசலாக நகல் செய்பவர் அவர். தரம் பார்ப்பது மௌனிகா. அவள் தலையாட்டாமல் ஒரு வாளும் வாசலைத் தாண்டாது.

"அம்மிணி, நல்லாப் பாரு. வளைச்சு விட்டா நேரா நிக்குது. பிடி ஆடலை. நூறு வருசத்துக்கு முந்துன குதிரைப்படை வாளு, ஒரு கிலோ முந்நூத்தி அறுபது கிராம். நான் செஞ்சதும் அதேதான். இதுல என்ன நொட்டை சொல்ற?"

"பிடியோட கைக்காப்பை அலுமினியத்துல மாத்துங்ணா. வாள் தகட்டையும் இழைச்சு விடுங்க."

"அலுமினியமா! அது பொம்மை வாளுக்கு. கல்பாத்தி கேப்டன் சாரு ஆர்டர் குடுக்கறப்பவே சொல்லிப்போட்டாரு, அசல் கனத்துல ஒரு கிராம் குறையக் கூடாதுன்னு. ஞாயித்துக்கிழமை அவரு பட்டாளத்து விழாவுல இதை ஏந்தித்தான் சல்யூட் வெக்கறாரு. எம் பேரு நாறிப் போகும்."

"குறைச்சாத்தானுங்ணா அனுப்புவேன்."

பெண்ணா, பிடிவாதமா! பிடி அளவெடுக்கக் கேப்டன் வீட்டுக்கே போய்வந்தவள். அவர் சொன்னது காதில் ஏறவில்லையா?

வேறு வழியில்லாமல் எழுநூறு கிராமுக்குக் குறைத்த வாளை, அருள்குமாரே எடுத்துக்கொண்டு கல்பாத்திக்கு பஸ் ஏறினார். உள்ளதைச் சொல்லி, பழியை அவள் தலையில் போட்டுவிடுவது என்ற முடிவோடு.

கதவைத் திறந்த கேப்டனின் மனைவி திரிபுரசுந்தரி, அவரை வாசலிலேயே நிறுத்தித் தணிந்த குரலில் சொன்னாள்.

"வாதம் வந்து கைல பலமே போயிடுத்து அவருக்கு. அன்னிக்கு அளவெடுக்க வந்த பொண்ணு, மாதிரிக்குன்னு ஒரு வாள் கொண்டுவந்தா. ரெண்டு கையால பிடிச்சும் தூக்க முடியலை. அன்னிக்குச் சாப்பிடவே இல்லை மனுஷன். இன்னிக்கும் அப்படி ஆனா, விழாவுக்கே போகமாட்டேன்னு உக்காந்துடுவார்."

அருள்குமார் வாளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.

உள்ளே கேப்டன் துரைசுவாமி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். நடுங்கும் வலது கையை நீட்டி வாளை வாங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். வாள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"சுந்தரீ! பாத்தியோ? தெனமும் கைக்குப் பயிற்சி பண்ணினது வீண் போகலை!"

கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. திரிபுரசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டென்று அவருக்கு ஒரு சந்தேகம். வாளை இறக்கி, அருள்குமாரை உற்றுப் பார்த்தார்.

"ஓய், உள்ளதைச் சொல்லும். அசல் கனம்தானே இது?"

அருள்குமார் நிமிர்ந்து நின்று சொன்னார்.

"ஒரு கிலோ முந்நூத்தி அறுபதுங்க சார். நானே தராசுல வெச்சுப் பாத்தேனுங்க."