முதல் பெரட்டு

வீரமுத்து இன்னும் நாலு பெயர் கூப்பிட வேண்டும். அந்த நாலாவது பெயரை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இன்னும் விடியவில்லை. ரப்பர் பால் வெட்டப் போகும் ஆட்கள் வாளியும் கத்தியுமாக வரிசை பிடித்து நின்றார்கள். கணக்கெழுதும் கிராணி அரிக்கேன் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பெயர் கூப்பிடக் கூப்பிடச் செக்ரோல் ஏட்டில் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, புதுக் கங்காணி எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கங்காணி நம்ம வீரமுத்துதான். நேற்றுவரை இதே வரிசையில் வாளி தூக்கும் காண்டாக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்ட மனுசன்.

செடெனாக் பக்கத்துத் தோட்டங்களில் அவனைப் போல் உழைத்தவன் இல்லை என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே வெட்டுக்குப் போனான். ஆள் வராத நாளில் அடுத்தவன் மர நிரையையும் சேர்த்து வெட்டினான். மரத்துக்கு ஒரு காயம் படாமல் பட்டை சீவினான். இதெல்லாம் துரை கண்ணில் எங்கே படப்போகிறது என்றுதான் லயத்து வீடுகளில் எல்லாரும் நினைத்தார்கள். பட்டிருக்கிறது.

ஆக, கூலாய் கடைத்தெருவில் காக்கிக் கோட்டு வாங்கியாயிற்று. ஒரு தொப்பி. காலைக் கடிக்கிற சப்பாத்து ஒரு ஜோடி. லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து பித்தளைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின. வீரமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் சம்சாரம் மட்டும் தொடவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

இப்போது அவள் வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறாள். கோளாறே அதுதான்.

இத்தனை நாளும் அவள் செல்லப்பன் கங்காணி கூட்டத்து ஆள். இன்றைக்குப் பார்த்து வீரமுத்துவின் கூட்டத்தில் வந்து நிற்கிறாள். எல்லாம் இந்தக் கிராணியின் குசும்பு என்று அவரை மனசுக்குள் வறுத்தெடுத்தான்.

பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆம்பிளை அந்த லயத்தில் ஒருத்தனும் இல்லை. 'இந்தா' என்பார்கள், 'புள்ள' என்பார்கள், கோபம் வந்தால் 'ஏய்'. வீரமுத்து அதற்கும் ஒருபடி மேல். தொண்டையைச் செருமுவான், அவள் வந்துவிடுவாள். இத்தனை வருசக் குடித்தனமும் அந்தச் செருமலிலேயே ஓடிவிட்டது.

பெரட்டில் அது செல்லாது. பெயரைக் கூப்பிட வேண்டும், ஆள் பதில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் புள்ளி விழும். புள்ளி விழாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. முதல் நாளே ஒரு ஆளின் பெயரை முழுங்குகிற கங்காணியைத் துரை மறுநாளும் கங்காணியாக வைத்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

தங்கராஜுவைக் கூப்பிட்டான். இருக்கேன் என்றான் தங்கராஜு. புஷ்பவள்ளியைக் கூப்பிட்டான். அவளும் இருந்தாள். ஐயாசாமியைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டான். எவ்வளவு இழுத்தாலும் ஐயாசாமி ஒரு ஆள்தான்.

அதற்கப்புறம் அவள்தான்.

வீரமுத்து தொண்டையைச் செருமினான்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் அசையவில்லை. வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூரத்து ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த ஆள் என்று சொல்லிப் பார்த்தான். கண்ணால் கெஞ்சிப் பார்த்தான். ஒரு 'இருக்கேன்' சொன்னால் குடியா முழுகிவிடும்? அழுத்தக்காரி வாயைத் திறக்கவில்லை.

துரை ஓரடி முன்னால் வந்து, இந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லையா என்று தன் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. இத்தனை வருச உழைப்பும் கடைசியில் ஒரு பெயரில் வந்து தொங்குகிறதே என்று வீரமுத்துவுக்கு அழுகையே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"தனலெட்சுமீ!"

அது பெயர் கூப்பிட்ட மாதிரி இல்லை. காட்டில் மாட்டைத் தொலைத்தவன் கத்தின மாதிரி இருந்தது. பக்கத்துக் கூட்டத்து ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். துரைகூட மீசைக்குள் சிரித்தார்.

இருக்கேங்க என்றாள் அவள். அவளுடைய குரல் ஏனோ கம்மியிருந்தது.

புள்ளி விழுந்தது. வீரமுத்துவுக்கும் உயிர் வந்தது.

ஆட்கள் கலைந்ததும் நேராகக் கிராணியிடம் போனான். நாளையிலிருந்து அவளைப் பழைய கூட்டத்துக்கே மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

கிராணி விளக்கை ஊதி அணைத்தார். மாற்றியது தானில்லை என்றார். நேற்றுச் சாயந்திரம் அவளேதான் ஆபீசு வாசலில் வந்து நின்று, புருசன் கூட்டத்தில் போடச் சொன்னாளாம். செல்லப்பன் கூட்டத்துக்கு லயத்தை ஒட்டின சமதரை நிரை, புதுக் கூட்டத்துக்கு மேட்டு நிரை, பால் வாளியோடு ஏறி இறங்கி இடுப்பு ஒடிந்துவிடும் என்று அவரும் சொல்லிப் பார்த்தாராம். பரவாயில்லை என்றாளாம்.

வீரமுத்து மேட்டுக்கு ஓடினான்.

அவள் முதல் மரத்தில் பட்டை சீவிக்கொண்டிருந்தாள். சமதரையை விட்டுவிட்டு இந்த மேட்டில் வந்து கஷ்டப்பட என்ன வந்தது என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

வெட்டின கோட்டில் பால் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கியது. அவள் கத்தியைத் துடைத்தாள்.

"உங்களுக்குக் கங்காணி வேல கெடச்சுது. எனக்கும் ஏதாச்சும் கெடைக்கட்டுமேன்னுதான்" என்றாள். அடுத்த மரத்துக்கு நகர்ந்தவள் திரும்பி நின்றாள். "நாளைக்கு வரிசையில முன்னாடி வந்து நிக்கிறேன். மெதுவாவே கூப்பிடுங்க."