யாரும் நிற்காத செக்போஸ்ட்

பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டும் ஒன்றியமாகச் சேர்ந்துகொண்டன. இனி ஒரே சந்தை, ஒரே நாணயம்; எல்லையில் வரியும் கிடையாது, சோதனையும் கிடையாது. அதிகாரிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். செக்போஸ்ட் தடுப்புக்கட்டையை மட்டும் வானத்தைப் பார்க்கத் தூக்கிவிட்டு, அப்படியே மறந்துபோனார்கள்.

கட்டைக்குப் பேச்சுத்துணை இல்லை. வண்டி எது வந்தாலும் பழைய அதிகாரியின் குரலில் அதட்டிப் பார்க்கும்: "ஏய், நிறுத்து! என்ன சரக்கு?" வண்டி விர்ரென்று போய்விடும்.

ஒருநாள் தக்காளி லாரி ஒன்று டயர் வெடித்து அதன் காலடியிலேயே நின்றது. கட்டைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"என்ன சரக்கு?"

"தக்காளிதான் கட்டையண்ணே. மறந்துட்டீங்களா? உங்க முன்னாடி நின்னு நின்னே பாதி அழுகிப்போகும்" என்றது லாரி.

"ஆமாம்ல! எவ்வளவு நேரம் பேசிட்டிருப்போம்!"

"பேசினது நீங்க. நான் ஹாரன் அடிச்சு அழுதேன்."

டயர் மாற்றியதும் லாரி உறுமியது.

"கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்" என்றது கட்டை, இந்தத் தடவை சொந்தக் குரலில்.

"சந்தைக்கு நேரமாச்சுண்ணே."

லாரி கிளப்பிய தூசி அடங்கியது. கட்டை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஏய், நிறுத்து! என்ன சரக்கு?"

பிறகு லாரியின் குரலில் அதுவே பதிலும் சொன்னது: "தக்காளிதான் கட்டையண்ணே."