போயிட்டு வரேன்

நாளைக் காலை செவ்வந்தி புது நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு இன்றே பழைய அலுவலகத்தின் செயலி அவளை விடுவித்தாக வேண்டும். ஊழியர்கள் பேசுவதையெல்லாம் கேட்டு, பதிந்து, ஊருக்கே அறிவிப்பது அந்தச் செயலிதான்.

மேலாளர் அந்தோணிராஜிடம் இரண்டாவது முறையாக, "போயிட்டு வரேன் சார்" என்றாள்.

"திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ராஜினாமா ரத்து" என்றது செயலி.

"மறுபடியும் கேன்சல் பண்ணிடுச்சு பாரு. 'போறேன்'னு சொல்லித் தொலையேம்மா."

"ஐயோ, அப்படிச் சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்க சார்."

"அம்மா இங்கயா நிக்கிறாங்க? புது வேலை வேணுமா, வேணாமா?"

செவ்வந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போறேன்" என்றாள்.

ராஜினாமா ஏற்கப்பட்டது. கையோடு, அவளுடைய சமூக ஊடகப் பக்கங்கள் எல்லாவற்றிலும் மாலை போட்ட படத்துடன் ஓர் அறிவிப்பு ஏறியது: 'செவ்வந்தி போய்விட்டார்.'

அழும் முகங்கள் வந்து குவிந்தன. புது நிறுவனம் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டு, அவளுடைய இடத்துக்கு ஆள் தேவை என்று அதன் கீழேயே விளம்பரம் போட்டது.

"சார், நான் உயிரோடதான் இருக்கேன்னு நீங்களாவது சொல்லுங்களேன்!"

அந்தோணிராஜ் போனைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார். "கொஞ்சம் இரும்மா, உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிட்டிருக்கேன்."