அம்மாவின் உடுப்பில் பை

போர்க்காலத்தில் என் அம்மா பர்மிங்காமில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அன்றைய தொழிலாளர் உடுப்பை அருங்காட்சியகத்துக்காக ஹேசல் புதிதாகத் தைத்திருந்தாள். அதன் கீழே அம்மாவின் பெயர் இடம்பெறும் என்பதால் நானே சரிபார்க்கப் போனேன்.

“பை எங்கேம்மா? எங்கம்மா உடுப்புல உள்பக்கம் ரெண்டு பெரிய பை இருந்துச்சு.”

“தொழிற்சாலை உடுப்புல பையே கிடையாது, மிஸ்டர் ஆக்டன்.”

“எனக்கே பாடம் நடத்துறியா? தகடு, திருகாணி எல்லாம் அதுலதான் வீட்டுக்கு வரும். எங்க கோழிக்கூடே விமான அலுமினியம், தெரியுமா?”

ஹேசல் ஊசியைக் கீழே வைத்தாள். “யாரும் எதையும் திருடிட்டுப் போகக்கூடாதுன்னுதான் பை இல்லாமத் தச்சாங்க.”

நான் நிமிர்ந்து நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேன்.

“பை வேண்டாம். நாங்க கோழியே வளர்த்ததில்ல.”