அத்தை எந்தப் பக்கம்?

"நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அத்தை. நீங்க தப்பாத் தொட்டாலும் சொல்ல மாட்டேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"நான் என்னிக்குத் தப்பாத் தொட்டேன்?" என்றபடி அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தாள்.

மேசையில் ஒரு டேப்லெட். அதன் எதிரே மருமகளின் மடிக்கணினி, கேமராவோடு.

மருமகள் இன்டராக்‌ஷன் டிசைனர். இணையதளத்தில் மனிதர்கள் எங்கே தேடுவார்கள், எங்கே முழிப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பக்கம் அமைக்கிற வேலை. டிசைனை மட்டும் நம்பி இனி காலம் தள்ள முடியாது என்று கோடிங்கும் கற்றுக்கொண்டு, தன் பக்கத்தைத் தானே எழுதி ஓடவும் வைத்திருந்தாள். அப்படியும் விதி விடவில்லை. அலுவலகத்துக்கு ஏ.ஐ. வந்துவிட்டது. அவள் வாரக்கணக்கில் மெனக்கெட்டதை, அது ஒரு காபி ஆறுவதற்குள் செய்து நீட்டியது.

"உன் வேலைக்கே உலை வைக்கிற விஷயமாமே? அவன் சொன்னான்" என்று அத்தை மகனின் அறைப் பக்கம் தலையை ஆட்டினாள்.

"உங்க பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. ஆமா, அத்தை. ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு ரெண்டு பக்கம் தயார் பண்ணியிருக்கு. ஒண்ணு நான் செஞ்சது, இன்னொண்ணு மெஷின் செஞ்சது. இதுவரைக்கும் பார்த்தவங்கள்ல பாதிப் பேர் இது, பாதிப் பேர் அதுன்னுட்டாங்க. இன்னிக்குச் சோதிச்சுப் பார்க்க வர வேண்டிய அம்மா வரலை. அதான் உங்களை உக்கார வெச்சேன். மெஷினோடது ஜெயிச்சா, இனிமே டிசைனரே வேண்டாம்னுடுவாங்க."

"எது உன்னோடது?"

"அதை மட்டும் சொல்லக் கூடாது. உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க, போதும்."

அத்தைக்கே சொல்லாதபோது நமக்கு மட்டும் எதற்கு? பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து.

மடிக்கணினியில் மேனேஜரின் முகம் தெரிந்தது.

"வணக்கம்மா. சொந்தக்காரங்களை வெச்சு சோதிக்கக் கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. மாமியார்னதும் சரின்னுட்டேன். தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டீங்க பாருங்க!" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அத்தை சிரிக்கவில்லை. "பார்க்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. இவ சமையல்ல உப்பு சரியா இருந்த நாள் உண்டான்னு இவளையே கேளுங்க."

மருமகளுக்கோ, போயும் போயும் இந்த வாயிடமா பிழைப்பை ஒப்படைத்தோம் என்று இருந்தது.

"கால் வலிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கணும். அப்புறம் அதை வேற நாளுக்கு மாத்தணும். அவ்வளவுதாம்மா. தோணுறதை வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றார் மேனேஜர்.

முதல் பக்கம் திறந்தது. அத்தையின் விரல் நின்று நின்று நகர்ந்தது. நெற்றியில் லேசாக வியர்த்தது. பேச்சில் மட்டும் குறையில்லை. "ஆஹா, என்ன தெளிவா இருக்கு! எல்லாம் கேட்ட இடத்துல இருக்கு. நாளும் மாத்தியாச்சு. முடிஞ்சுதுங்க."

அடுத்து இரண்டாம் பக்கம். விரல் நேராகப் பொத்தானுக்குப் போனது. தொடப்போன நேரத்தில் பின்வாங்கியது. அத்தை கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"எங்க போய்த் தேடுறது? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரியில்ல இருக்கு!"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எந்தப் பக்கமானாலும் உதவக் கூடாது.

"ஐயையோ, கால் வலின்னு வந்தவளைப் பல் டாக்டர்கிட்ட கொண்டுபோய் விட்டுடுச்சு! இதைச் செஞ்சப்ப மூளையைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டாங்களா? என்னால ஆகாதுப்பா." அத்தை டேப்லெட்டைத் தள்ளி வைத்தாள்.

"போதும்மா, போதும். இழுபறியா இருந்ததை நீங்க தீர்த்து வெச்சுட்டீங்க. முதல் பக்கம்தான்" என்றார் மேனேஜர். பிறகு மருமகளிடம், "மத்ததை நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார். திரை இருண்டது.

மருமகள் மடிக்கணினியை மூடினாள். மூடிய பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"போயிட்டாரா?" அத்தை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி என் நடிப்பு?"

"நடிப்பா?"

"பின்ன? வீட்டுக்குள்ள உன்னை ஆயிரம் சொல்லுவேன். வெளியாள் முன்னாடி விட்டுக் குடுப்பேனா? முதல் பக்கத்துல எது எங்க இருக்குன்னே புரியலை, தலை சுத்திடுச்சு. சரி, பாவம், இது உன் கைவேலைதான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சேன். ரெண்டாவது இருக்கே, அடேயப்பா! நான் நினைக்கிறதுக்கு முன்னாடி அதது வந்து முன்னால நிக்குது. இவ்வளவு சுலபமா மனுஷங்களால செய்ய முடியுமா? இது மெஷினேதான்னு முடிவு பண்ணி, ஒரு ஆட்டம் ஆடிக் காட்டிட்டேன்."

மருமகள் அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்த ரெண்டாவதுதான் நான் செஞ்சது."